வெளி அக்கா

பிப்ரவரி 11

பல்கலைக்கழகச் சீனப் பண்பாட்டுச் சங்கத் தலைவி அவர்களுக்கு,

கேலி என்று நினைத்துவிடாதே. உன்னை வேறு எப்படி அழைப்பது என்று தெரியாமல்தான் பதவியைச் சொல்லி எழுதுகிறேன். உன் எண்ணைத் தொலைபேசியில் தடுத்துவிட்டேன். குடும்பக் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டேன். பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் இறங்கிவிடுவேன். கடைசியில் தப்புச் செய்தவள் நீயாகவும் மன்னிப்புக் கேட்டவள் நானாகவும் முடியும். ஆறு வயதிலிருந்து உனக்கு இது கைவந்த வித்தை. கடிதத்தில் உன் பருப்பு வேகாது.

சனிக்கிழமை நீ நடத்திய ‘உறவுமுறை’ நிகழ்ச்சியின் படத்தை அம்மா எனக்கு அனுப்பினாள். சங்க அறைச் சுவரில் நாலடி அட்டவணை. இடப்பக்கம் தமிழ் உறவுப் பெயர்கள், வலப்பக்கம் சீன உறவுப் பெயர்கள். எடுத்துக்காட்டுக்கு ஊரில் வேறு குடும்பமே கிடைக்காதது போல நம் குடும்பம். நடுவில் மஞ்சள் வட்டத்துக்குள் நீ சிரிக்கிறாய். பக்கத்துப் பெட்டியில் என் படம், அதுவும் பல்லில் கம்பி போட்டிருந்த காலத்துப் படம். அதன் மேல் தூரிகையால் ‘பியாவ்-ஜியே’. கீழே கொட்டை எழுத்தில் ‘வெளி அக்கா’.

அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்: “வெளி அக்கான்னா என்னடி? நீ வெளியூர்ல வேலை பாக்கறதால அப்படிப் போட்டிருக்காளா?”

“ஆமாம்மா” என்றேன். அவள் நிம்மதியாகப் போனை வைத்தாள். நான்தான் அன்று சாப்பிடவில்லை.

சித்தி நர்ஸ் வேலைக்குப் போன இடத்தில் உன்னை வைத்துக்கொள்ள முடியவில்லை என்று எங்கள் வீட்டில் விட்டபோது உனக்கு ஆறு வயது. பதினேழு வயதில் பல்கலைக்கழக விடுதிக்குப் போனாய். நடுவில் இருந்த பதினோரு வருடமும் என் அறை, என் அலமாரி, என் போர்வை. அதற்குப் பெயர் வெளியா?

சங்கத்தை நீ ஓட்டுகிற இலட்சணமும் அந்தப் படத்தில் தெரிந்தது. மூலையில் பட்டு அங்கி மாட்டிப் படம் எடுத்துக்கொள்ள ஒரு திரை. மேசை மேல் நூடுல்ஸ். நான் அந்தச் சங்கத்தைத் தொடங்கியபோது மூன்று மாதம் கோடு போடப் பழகாதவர் கையில் தூரிகையே கொடுத்ததில்லை. இது மாறுவேடக் கடை இல்லை.

அட்டவணையை இறக்கு.

பெரியம்மா மகள்

---

பிப்ரவரி 15

பெரியம்மா மகளுக்கு,

‘வெளி’ என்பது நான் கண்டுபிடித்த சொல் இல்லை. உன்னுடைய அகராதியில்தான் இருக்கிறது. அட்டை கிழிந்து, உன் தேநீர்க் கறையோடு, இன்னும் சங்க அலமாரியில்தான் கிடக்கிறது. சீனர்களுக்கு அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகள் உள்வீடு. அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள் எல்லாரும் ‘பியாவ்’, வெளிப்பக்கம். நமக்கோ பெரியம்மா மகள் என்றால் நேராக அக்கா. நடுவில் வேறு சொல்லே கிடையாது. இந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் அட்டவணை. நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி தன் அத்தை மகனைப் பற்றிக் கேட்டுவிட்டு வெட்கப்பட்டு ஓடினாள். நீ தலைவியாக இருந்தபோது சீன உச்சரிப்பு பற்றி இரண்டு மணி நேரம் பேசினாயே, அதற்கு ஆறு பேர் வந்தார்கள். அதிலும் இரண்டு பேர் மழை நிற்கக் காத்திருந்தவர்கள். நான்தான் கதவருகே நின்று எண்ணினேன்.

பட்டு அங்கி போட்டுக்கொள்ள வந்தவர்களில் மூன்று பேர் இப்போது புதன்கிழமை எழுத்து வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் முறையில் அவர்கள் வாசற்படியோடு போயிருப்பார்கள்.

இனி நான் கேட்கிறேன். போன மாதம் இரும்பு அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது ஒரு படிவம் கிடைத்தது. நீ தலைவியாக இருந்த வருடம், என்னைச் செயலாளராகப் பரிந்துரைத்துக் கொடுத்த படிவத்தின் நகல். ‘பரிந்துரைக்கப்படுபவர் உங்களுக்கு என்ன உறவு?’ என்ற கேள்விக்கு எதிரே உன் அழகான கையெழுத்தில் இருக்கிறது: தூரத்துச் சொந்தம்.

தூரம் என்றால் எவ்வளவு தூரம்? உன் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல்தான் இருந்தது.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் அந்தப் பெட்டியில் என்ன எழுதுவது என்று தூரிகையோடு நின்றேன். ‘பெரியம்மா மகள்’ என்று மட்டும் எழுதியிருக்கலாம். படிவம் நினைவுக்கு வந்தது. ‘வெளி’ என்று எழுதினேன். நீ முதலில் எழுதியதைத்தான் நான் பெரிய எழுத்தில் எழுதினேன்.

இறக்கமாட்டேன்.

சுண்டு

---

பிப்ரவரி 19

அறிவு கெட்டவளே,

அந்தப் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாயா? உனக்கு எதையும் பாதிதான் படிக்கத் தெரியும். பின்பக்கம் ஆறாவது விதி: ஒரே வீட்டில் வளர்ந்த அக்கா தங்கை, அண்ணன் தம்பி ஒரே ஆண்டில் ஒரு சங்கத்தின் இரு பொறுப்புகளில் இருக்கக் கூடாது. தங்கை என்று எழுதியிருந்தால் அன்றைக்கே உன் பெயரை அடித்திருப்பார்கள்.

அப்போது நீ முதல் வருடம். விடுதி பிடிக்கவில்லை, யாரும் பேச மாட்டேன்கிறார்கள், சித்தியிடமே போய்விடுகிறேன் என்று தினமும் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாய். உனக்கு ஒரு சாவியும் ஒரு வேலையும் இருந்தால் ஒட்டிக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். செயலாளர் பதவிக்கு இன்னொருவன் கேட்டான், அந்த நெட்டை. அவன் நூடுல்ஸ் போடும் நாளில் மட்டும் வருகிறவன். ஆனாலும் நியாயமாகப் பார்த்தால் அவன் உன்னைவிட ஒரு வருடம் மூத்தவன். அவனைத் தள்ளிவிட்டு உன்னைப் போட்டேன். பொய் எழுதித்தான் போட்டேன். அது எனக்கும் கடவுளுக்கும் உள்ள வழக்கு. நீ நீதிபதி ஆக வேண்டாம்.

அந்த எழுத்தையும் நீ முழுசாகப் படிக்கவில்லை. பியாவ் என்றால் வெளி. அதே எழுத்துக்குப் படிவம் என்றும் பொருள். அட்டவணை என்றும் பொருள். நான் நிரப்பியதும் பியாவ், நீ சுவரில் மாட்டியதும் பியாவ். இங்கே தொழிற்சாலையில் இறக்குமதி இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்க்கிற என் மேசையில் அந்த எழுத்து ஒரு நாளைக்கு நூறு முறை வருகிறது. ஒரு முறைகூட அது உறவு என்ற பொருளில் வந்ததில்லை.

இன்னொன்று. நம் சீன ஆசிரியை தன் பெரியம்மா மகளோடு போனில் பேசும்போது எப்படிக் கூப்பிடுவார் என்று கவனித்திருக்கிறாயா? வெறும் ‘ஜியேஜியே’. அக்கா. பியாவ் என்பது காகிதத்துக்கு, மூன்றாம் மனிதருக்கு விளக்குவதற்கு. கூட வளர்ந்தவளின் முகத்துக்கு நேரே அதைச் சொல்பவர் உண்டா என்று அவரையே கேள்.

படிவத்தை எடுத்த இடத்திலேயே வை. யார் கண்ணிலும் காட்டாதே.

உனக்கு வேலை வாங்கிக் கொடுத்த முட்டாள்

---

பிப்ரவரி 22

அக்கா,

சண்டையை இரண்டு வாரம் தள்ளிவைக்க வேண்டும். மன்னிப்புக் கேட்பதாக எடுத்துக்கொள்ளாதே.

நிகழ்ச்சியன்று நான் ஒலிவாங்கியில் சொன்னேன்: “இவங்க சீன முறையில எனக்கு வெளி அக்கா. ஆனா நாங்க ஒரே வீட்டுலதான் வளர்ந்தோம், ஒரே சோப்பு, ஒரே சீப்பு.” எல்லாரும் சிரித்தார்கள். நெட்டை சிரிக்கவில்லை. கையைத் தூக்கினான். “அப்போ நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?” என்றான். பின்னே இல்லையா என்று நானும் சொல்லிவைத்தேன். ஆறாவது விதி இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? உன் கடிதம் வருவதற்கு முன்பே அவன் மாணவர் நல அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டான். இரண்டு வருடம் மனசில் வைத்திருந்தானாம். அவன் இப்போது புதன்கிழமை வகுப்புக்கு ஒரு நாள் தவறாமல் வருகிறான், அதுதான் கொடுமை. கையெழுத்தும் என்னைவிட நன்றாக இருக்கிறது.

மார்ச் 6 காலை பத்து மணிக்கு விசாரணை. நீ எழுதியது பொய் என்று முடிவானால் சங்கத்தின் அங்கீகாரம் இரண்டு வருடத்துக்கு ரத்து. அறை போய்விடும். சங்கத்தின் பெயரில் ஒரு துண்டுச் சீட்டுகூட ஒட்டக் கூடாது. இரண்டு வருடத்துக்குப் பிறகு யார் வந்து மறுபடி தொடங்குவார்கள்? இப்போது இருக்கும் ஒன்பது பேரும் அதற்குள் படிப்பை முடித்துப் போயிருப்பார்கள். உன் சங்கம் அத்தோடு சரி.

அலுவலர் நேரில் வந்து சுவரிலிருந்த அட்டவணையைச் சுருட்டிக்கொண்டு போனார். சாட்சியாம். நீ இறக்கச் சொன்னாய், அவர் இறக்கிவிட்டார். சந்தோஷமா? ஆனால் அதில் ‘வெளி’ என்று எழுதியிருக்கிறது பார், இன்றைய நிலைமையில் நமக்கு இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

உன்னிடமிருந்து கையெழுத்திட்ட பதில் வேண்டுமாம். படிவத்தில் எழுதியது உண்மைதான், நாம் அக்கா தங்கை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும். நான் நேரில் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஏற்கெனவே ஒரு முறை எழுதியதுதானே. உனக்குக் கஷ்டமாக இருக்காது.

சுண்டு

---

பிப்ரவரி 27

தலைவி அவர்களுக்கு,

எழுதிவிட்டேன். உன் கையில் கொடுத்தால் பாதி வழியில் உனக்கு ரோஷம் வந்து கிழித்துவிடுவாய். அதனால் அலுவலருக்கே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்காதே. ஒருவர் நம்புகிற மாதிரி எழுத வேண்டுமென்றால் கொஞ்சம் விவரம் சேர்க்க வேண்டியிருக்கிறது. நாலு வரிதான். நாலு நாள் ஆயிற்று.

‘உனக்குக் கஷ்டமாக இருக்காது’ என்று எழுதியிருந்தாய். மேசையில் இருக்கும் சாமி படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலையில் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தபோதுதான் படம் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நேராக வைத்தேன். ஆனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

விசாரணையில் நீ பேச வேண்டியது ஒரே ஒரு சொல். அவர் வாசித்துவிட்டுச் சரியா என்பார். சரி என்று சொல். கதை சொல்லாதே, சோப்பு சீப்பு என்று ஆரம்பிக்காதே. வாய் தவறிக்கூட அக்கா என்று வந்துவிடக் கூடாது. ‘அவங்க’ என்று சொல்லிப் பழகிக்கொள். கண்ணாடி முன்னால் நின்று பத்து முறை சொல்லிப் பார்.

சங்கம் பிழைத்த பிறகு நமக்குள் ஒன்றும் மிச்சமில்லை. எழுத்துப்பூர்வமாகவே இல்லை என்று ஆகிவிட்டது.

முன்னாள் தலைவி

---

மார்ச் 8

அக்கா,

உட்கார்ந்து படி.

அலுவலர், அவருடைய எழுத்தர், நான், சீன ஆசிரியை, எதிரே நெட்டை. அட்டவணையை மூலையில் துடைப்பத்துக்குப் பக்கத்தில் தலைகீழாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆசிரியையால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. அவரே எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்தார். பியாவ் என்றால் என்ன என்று அலுவலர் கேட்டார். ஆசிரியை தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “பேப்பர்ல வெளி. வீட்டுல உள்ள.”

“எங்களுக்குப் பேப்பர்தான் மேடம்” என்றார் அலுவலர்.

பிறகு உன் உறையைப் பிரித்து வாசித்தார். ஒரு முறை கேட்டதிலேயே ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ‘மேற்படி மாணவி எனக்குத் தூரத்துச் சொந்தம். பள்ளி விடுமுறைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து போவார். எங்களோடு வளர்ந்தவர் அல்லர். நாங்கள் அக்கா தங்கையாகப் பழகியதில்லை.’

வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “உங்க அக்கா எழுதியிருக்கறது இதுதான். சரிதானே?”

எழுத்தர் சிரித்துவிட்டார். அலுவலருக்கு முகம் சிவந்தது. “அதாவது... அந்தப் பொண்ணு. எழுதினது சரிதானே?”

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண்ணாடி முன்னால் பத்து முறை இல்லை, முப்பது முறை பழகியிருந்தேன்.

விடுமுறைக்கு வந்து போனவளா நான்? என் நாட்குறிப்பைத் திருட்டுத்தனமாகப் படித்து அதில் எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் திருத்தி வைத்தவள் நீ. ஜன்னலோரக் கட்டிலைப் பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் விடவில்லை. நான் கணக்கில் தோற்றபோது பெரியம்மா எழுந்து வருவதற்குள் நீ அறைந்துவிட்டாய். விருந்தாளியை யாராவது அறைவார்களா? இத்தனையும் செய்தது யாரோ ஒரு தூரத்துச் சொந்தம் என்றால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நாலு வரி எழுதிவிட்டு எல்லாவற்றிலிருந்தும் கழன்றுகொள்ளலாம் என்று பார்த்தாயா? பெரியம்மா எனக்குத் தலை பின்னி விட்ட காலையெல்லாம் சேர்த்து அழித்திருக்கிறாய். அவரைக் கேட்டாயா?

“அவ என் அக்காதான் சார். பதினோரு வருஷம் ஒரே வீடு. எழுதியிருக்கறது பொய்” என்றேன்.

அவர் பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. “யோசிச்சுச் சொல்லும்மா. நான் இன்னும் எழுதல” என்றார். நல்ல மனிதர்.

“எழுதிக்குங்க சார்” என்றேன்.

அங்கீகாரம் ரத்து. இருபதாம் தேதிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். நீ பொய் உறுதிமொழி கொடுத்தவள் என்று உன் கோப்பில் குறிப்பு ஏறும், நகல் உனக்கு வரும். வராந்தாவில் நெட்டை பின்னாலேயே வந்தான். “உன்னைத் தூக்குவாங்கன்னுதான் நெனச்சேன். சங்கத்தையே தூக்கிட்டாங்களே! புதன்கிழமை நான் எங்க போறது?” என்று என்னிடமே கேட்கிறான்.

உன் சங்கத்தை நான்தான் மூடினேன். திட்டு. ஆனால் அக்காவாக இருந்து திட்டு.

சுண்டு

---

மார்ச் 12

நகல் வந்தது. என் பெயரும் பட்டமும் போட்டு, கீழே ‘பொய் உறுதிமொழி’ என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். தொழிற்சாலைத் தபால் மேசையில் இருக்கிற பெண் உறையைக் கொடுத்தபோது, “ஏதாவது நல்ல செய்தியா மேடம்?” என்றாள்.

ஒரு சொல். சரி. உனக்கு அது வரவில்லை. ‘கண்ணாடி ஜாடியை உடைச்சது யாரு’ என்று அம்மா கேட்டால் எவ்வளவு அழகாகப் பொய் சொல்வாய்! அந்தத் திறமை எல்லாம் மார்ச் ஆறாம் தேதி எங்கே போயிற்று? சாமிக்கு முதுகைக் காட்டி நான் செய்த வேலையை நீ எழுந்து நின்று ஒரு நொடியில் பாழாக்கிவிட்டாய். உன் மனசாட்சி சுத்தமாக இருக்கிறது. என்னுடையது முத்திரையோடு கோப்பில் இருக்கிறது. அந்த அறைக்காக நான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது மூன்று வருடம். உன்னை மன்னிக்கவில்லை, அவசரமும் இல்லை.

உன் பட்டியலில் பிழைகள் இருக்கின்றன. அறைந்தது கணக்குக்காக இல்லை. பள்ளி விட்டு வரும்போது ரயில் வருவது தெரிந்தும் என் கையை உதறிவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டி ஓடினாய். அதற்கு அறைந்தேன். மதிப்பெண் அட்டையும் அன்றைக்குத்தான் வந்தது, நீ இரண்டையும் குழப்பிக்கொண்டாய். காய்ச்சல் நாளில் ஜன்னல் கட்டிலில் படுத்திருந்தது நீ. நான் தரையில். நாட்குறிப்பு மட்டும் உண்மை. ஒரு பக்கத்தில் இருபது பிழை இருந்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது.

உத்தரவை நான்கு முறை படித்தேன். சங்கத்தின் பெயர் கூடாது, அறை கூடாது, அறிவிப்பு கூடாது, பல்கலைக்கழகப் பொருட்கள் எதையும் பயன்படுத்தக் கூடாது. ஒன்பது பேர் ஒரு இடத்தில் நிற்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. நூலகத்துக்குப் பின்னால் கருங்கல் பாவிய தளம் இருக்கிறதே, அங்கே போங்கள். சீனாவில் பூங்காக்களில் வயதானவர்கள் நீண்ட கம்பில் பஞ்சு கட்டி, தண்ணீரில் தோய்த்துத் தரையில்தான் எழுதிப் பழகுகிறார்கள். மை வேண்டாம், காகிதம் வேண்டாம். இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும், யாரும் சுருட்டிக்கொண்டு போக முடியாது. இதை நான் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அறை அறை என்று அலைந்துவிட்டேன்.

வரும் புதன்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். ஒன்பது மணி நேர ரயில். உன்னைப் பார்க்க வருவதாக நினைத்துக்கொள்ளாதே. அந்த ஒன்பது பேரும் பாதிக் கோட்டில் நிற்கிறார்கள், கம்பைப் பிடிக்கும் விதத்தைக் காட்டிவிட்டு மாலை வண்டிக்கே திரும்பிவிடுவேன். நெட்டையை முன்னால் நிறுத்து. அவனிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இரண்டு வருடமாக நிற்கிறது. நீ பின்னால் வாளியோடு நில். உன் கிடைக்கோடு இன்னும் சரிந்துதான் போகிறது, அட்டவணையில் பார்த்தேன்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் உனக்குத் தலை பின்னிவிட்டாளா இல்லையா என்று ஓர் அலுவலர் முன்னால் வழக்கு நடந்தது என்பதை அவளுக்கு நீயே சொல். என் நாலு வரியையும் மறைக்காமல் சொல். எனக்கு முடியவில்லை. அவள் உன்னை எவ்வளவு திட்டுகிறாள் என்பதை மட்டும் கேட்டு வை, புதன்கிழமை எனக்குச் சொல்லலாம். எனக்கு வருவது அதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.